கிரேடு முடித்துவிட்டுத்தான் மெட்டுப் போட வேண்டுமா?

கேள்வி: மாஸ்டர், வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 28. அப்பா ஆரம்பித்த உரக்கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பள்ளியில் படிக்கும்போது மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் பிடித்தேன். அப்புறம் கொஞ்ச நாள் ஒரு லைட் மியூசிக் ட்ரூப்பில் ரிதம் வாசித்தேன். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றதுதான். கார்டு வரும், நோட்டேஷன் படிக்கத் தெரியாது. போனில் நாற்பது, ஐம்பது மெட்டுத் துண்டுகள் கிடக்கின்றன. ஒன்றுகூட முழுசாக ஆகவில்லை. கிட்டார் தேர்வில் எட்டு கிரேடும் முடித்துவிட்டு கம்போஸ் பண்ண உட்காரலாமா? எனக்குக் காதில் ஓடுவதெல்லாம் கோயில் நாகஸ்வரம். அந்த அசைவு கிட்டாரில் வரமாட்டேன் என்கிறது. வெளியிட்டால் யாராவது சுட்டுவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. ‘உரக்கடைக்காரனுக்கு எதுக்குடா கிட்டார்’ என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். சென்னைக்குப் போனால்தான் வழியா? இன்னொன்று, கடையில் வைத்துத்தான் வாசிக்கிறேன். கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது, மழைக்காலத்தில் அழுத்தவே முடிவதில்லை. என்ன செய்வது?

பதில்: தம்பிக்கு வணக்கம். இத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் சிக்கல் நடுவில் ஒரே வரியில் இருக்கிறது. நாற்பது, ஐம்பது துண்டு இருக்கிறது, உருப்படி ஒன்றுகூட இல்லை. எட்டு கிரேடு முடித்தாலும் இது மாறாது. தேர்வு உங்களுக்கு வாசிக்கச் சொல்லித்தரும், முடிக்கச் சொல்லித்தராது. கும்பகோணத்தில் என்னிடம் வருகிறவர்களில் கிரேடு சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் உண்டு. சொந்தமாக எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) போடுங்கள் என்றால் கையைப் பிசைகிறார்கள்.

உரக்கடைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாற்றங்காலில் நாள் கடந்து முற்றிப்போன நாற்றைப் பறித்து நட்டால் தூர் கட்டாது. உங்கள் போனில் இருப்பவற்றில் பாதி இந்நேரம் முற்றியிருக்கும். அவற்றை விட்டுவிடுங்கள். கடைசி மூன்று மாதத்தில் போட்டவற்றை மட்டும் கேட்டு, இன்னும் வாயில் முணுமுணுக்க வருகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரேடு வேண்டாம் என்று சொல்லவில்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் தேர்வில் கிரேடு 1-இல் தொடங்கி வரிசையாக ஏற வேண்டும் என்று கட்டாயம் இல்லை, தகுதி இருந்தால் நேராக 3-க்கோ 4-க்கோ உட்காரலாம். வாசித்து வீடியோ எடுத்து அனுப்பும் முறையும் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கிளாசிக்கல் கிட்டார் பாடத்திட்டம் என்பது நைலான் கம்பி, பிளெக்ட்ரம் (மீட்டும் வில்லை) இல்லாமல் விரலால் மீட்டுவது, நோட்டேஷன் பார்த்து வாசிப்பது. ட்ரூப்பில் ரிதம் வாசித்த கைக்கு அது வேறு உலகம். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ராக் அண்ட் பாப் என்று தனிப் பாடத்திட்டம் இருக்கிறது, உங்களுக்கு அது சுலபமாகத் தோன்றும். ஆனாலும் என்னைக் கேட்டால் கிளாசிக்கலில் கீழ் கிரேடு ஒன்றையாவது எடுங்கள். கட்டை விரல் பாஸைப் பார்த்துக்கொள்ள, மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும் பழக்கம் அதில்தான் வரும். தனி ஆளாக உட்கார்ந்து மெட்டுப் போடுகிறவருக்கு அதுதான் பெரிய சொத்து. தேர்வுப் படிப்பு ஒரு பக்கம் நடக்கட்டும். மெட்டு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது நாகஸ்வரம். இந்தக் கேள்வியைத்தான் நான் ரசித்தேன்.

நாகஸ்வர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் ஒலித்த மண்ணில் பிறந்துவிட்டு, காதில் நாகஸ்வரம் ஓடுகிறது என்பதை ஒரு குறையைப் போல எழுதியிருக்கிறீர்கள். கிட்டார் கற்கும் எத்தனையோ பேருக்குக் காதில் ஓடுவது யாரோ வாசித்த சோலோதான். ஆனால் அசைவு வரவில்லை என்பது நிஜம்தான். நாகஸ்வரத்தில் சீவாளியும் (வாயில் வைத்து ஊதும் துண்டு) மூச்சும், துளையைப் பாதி மூடுகிற விரலும் சேர்ந்து சுரத்தை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தும். கிட்டாரில் கழுத்தின் குறுக்கே ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகளைப் போட்டு ஒவ்வொரு அரைச் சுரத்தையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். தோடியின் காந்தாரத்தை (க) எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் கம்பியைச் சும்மா மீட்டினால் ஷட்ஜம் (ச) என்று வைத்தால், மூன்றாம் ஃப்ரெட் அந்தக் காந்தாரம். அதில் விரலை அழுத்தி நிறுத்திப் பாருங்கள், தோடி வராது. தோடியில் அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் (ம) நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கும். கிட்டாரில் அது முதல் ஃப்ரெட்டுக்கும் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கும் இடைப்பட்ட தூரம். அவ்வளவு தூரத்தைத் தடித்த கம்பியில் ஒரே இழுப்பில் கொண்டுவர யாருக்கும் விரல் போதாது.

வீணையிலும் 24 மெட்டு (ஃப்ரெட்டுக்கு வீணையில் அதுதான் பெயர்) இருக்கிறதே, அதில் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கின்றன, கம்பியும் அவ்வளவு விறைப்பாக இருக்காது. பக்கவாட்டில் இழுத்தால் கொடுக்கும். உங்கள் கிட்டாரில் 12 கேஜ் (கம்பியின் தடிமன்) ஸ்டீல் கம்பி போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ட்ரூப்பில் ரிதம் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் போடுவார்கள். 10 கேஜுக்கு மாறுங்கள். மூன்றாம் கம்பிக்குச் சுற்றுக் கம்பியை எடுத்துவிட்டு, எலெக்ட்ரிக் செட்டில் வருகிற வெறுங்கம்பியைப் போடுங்கள். இழுக்கும்போது வித்தியாசம் அன்றைக்கே தெரியும். ஸ்ட்ரம்மிங்கில் கனம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

சுருதியையும் மாற்றுங்கள். 6-ஆம் கம்பி, 2-ஆம் கம்பி, 1-ஆம் கம்பி மூன்றையும் முழுச் சுரம் இறக்கினால் கீழிருந்து மேலாக டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று வரும். மேல்நாட்டில் நாட்டுப்புற இசை வாசிக்கிறவர்களிடம் புழங்குகிற டியூனிங்தான். டி-யை ஷட்ஜமாக வைத்து நம் கணக்கில் சொல்லிப் பாருங்கள்: ச, ப, ச, ம, ப, ச. சும்மா மீட்டினாலே சுருதிப்பெட்டி கூடவே நிற்கிற மாதிரி இருக்கும். மோகனம் வாசிக்க மத்யமம் ஆகாது, அதனால் மூன்றாம் கம்பியை மட்டும் இன்னும் அரைச் சுரம் இறக்கி அந்தர காந்தாரம் ஆக்கிக்கொள்ளுங்கள். இப்போது நான்காம் கம்பியில் மோகனம் 0, 2, 4, 7, 9, 12 என்ற ஃப்ரெட்டுகளில் வந்துவிடும் (0 என்றால் சும்மா மீட்டுவது). மாயாமாளவகௌளை வேண்டுமென்றால் 0, 1, 4, 5, 7, 8, 11, 12. ஆரம்பப் பாடமான சரளி வரிசையை அந்த ஒரே கம்பியில் மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் விரலைத் தூக்காமல், ஒருமுறை மீட்டியதிலேயே இரண்டு மூன்று சுரத்துக்கு வழுக்கிச் செல்லப் பழகுங்கள். வீடியோவில் கற்றுக்கொடுக்கிற பெட்டி பெட்டியான ஸ்கேல் வடிவங்கள் வேகத்துக்குச் சரி, அசைவுக்கு ஒரே கம்பிதான் சரி.

கருவியை இப்படி மாற்றுவது தப்பு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். முத்துசுவாமி தீட்சிதர் பிறந்த திருவாரூர் உங்களுக்குக் கூப்பிடு தூரம். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். வயலின் இங்கே வந்ததும் என்ன ஆயிற்று? தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் காலில் ஊன்றி, கம்பிகளை ச, ப, ச, ப என்று திருத்தி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முத்துசுவாமி தீட்சிதரோ ஆங்கிலேய பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் (பாடல் வரி) எழுதி நோட்டுஸ்வரம் என்ற வகையையே விட்டுச் சென்றார். நம் காலத்துக்கு வந்தால் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். இரட்டை இரட்டையாக இருந்த கம்பிகளைக் கழற்றிவிட்டு, எலெக்ட்ரிக் மாண்டலினில் ஐந்து ஒற்றைக் கம்பி போட்டு வாசித்தார்.

ஆனால் இதெல்லாம் காது தயாரான பிறகு. நீங்கள் நாகஸ்வரம் கேட்டிருக்கிறீர்கள், பாடியிருக்கிறீர்களா? வாயில் வராத சங்கதி விரலில் வராது. பக்கத்தில் யாரிடமாவது வாய்ப்பாட்டு ஆரம்பியுங்கள். கிட்டாரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது, உங்கள் விரலைப் பார்க்காமல் காதை மட்டும் பார்ப்பார். ஊர்க் கோயிலில் வாசிக்கிற நாகஸ்வர வித்துவானோடு பழகுங்கள். மல்லாரி எப்படிப் போகிறது என்று கேட்டு, சொல்லிச் சொல்லிப் பாடச் சொல்லுங்கள். சுவாமி புறப்பாட்டில் வாசிக்கிற உருப்படி, சாகித்தியம் கிடையாது, கம்பீர நாட்டை, ஐந்தே சுரம். உங்கள் நான்காம் கம்பியில் 0, 4, 5, 7, 11, 12. தோடியைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்துவிட்டு இதில் தொடங்குங்கள். அசைவைவிட நடைதான் இதில் பெரிய விஷயம். ரிதம் வாசித்த கைக்கு அது பிடிபடும்.

சரி, மெட்டை எப்படி முடிப்பது? முதல் உருப்படிக்கு நானே எல்லை போட்டுத் தருகிறேன். மோகனம், ஆதி தாளம், இரண்டு நிமிடத்துக்குள், கிட்டார் மட்டும். பாட்டு வேண்டாம், டிரம் லூப் வேண்டாம். பல்லவி போல ஒரு பகுதி, மேல் ஸ்தாயிக்குப் போகிற ஒரு பகுதி, மறுபடி பல்லவி. அவ்வளவுதான்.

கார்டு போடும்போது ஒரு விஷயத்தில் மாட்டுவீர்கள். கை பழக்கத்தில் டி மேஜருக்கு அடுத்து ஏ மேஜருக்கோ ஜி மேஜருக்கோ ஓடும். டி-யை ஷட்ஜமாக வைத்த மோகனத்தில் ஏ மேஜர் போட்டால் நிஷாதம் (நி) நுழைந்துவிடும், ஜி மேஜர் போட்டால் மத்யமம். ராகத்துக்குள்ளேயே நிற்கிற முழுக் கார்டு இரண்டுதான் உண்டு: டி மேஜர், பி மைனர். மற்ற இடத்தில் மூன்று சுரக் கார்டுக்கு ஆசைப்படாமல் இரண்டு சுரத்தை மட்டும் சேர்த்து மீட்டுங்கள், அல்லது சஸ்பென்ஷன் கார்டு போடுங்கள். ஏ, டி, இ மூன்றும் சேர்ந்தால் ப, ச, ரி, எல்லாம் மோகனத்துக்குள்தான். சினிமாவில் வேண்டுமென்றே அன்னிய சுரத்தைக் கார்டில் கொண்டுவருவார்கள், அழகாகவும் இருக்கும். அவர்கள் தெரிந்து செய்கிறார்கள். முதல் உருப்படியில் நீங்கள் அந்த வேலைக்குப் போக வேண்டாம். இரண்டே கார்டு என்று கட்டிப்போட்டால் மெட்டு தானே வேலை செய்ய ஆரம்பிக்கும்.

மெட்டு நடுவில் நின்றுபோனால் உடனே இன்னொரு துண்டுக்குத் தாவாதீர்கள், உங்கள் போன் நிரம்பியது அப்படித்தான். நின்ற இடத்தில் என்ன தெரியாமல் நின்றது என்று பாருங்கள். தாளம் இடறுகிறதா, மெட்ரோனோமை மெதுவாக வைத்து அந்த ஒரு ஆவர்த்தனத்தை மட்டும் உருப்போடுங்கள். மேல் ஸ்தாயியில் விரல் தடுமாறுகிறதா, அந்த வாரம் அதுதான் பாடம். நீங்கள் கேட்ட ‘முதலில் படிப்பா, முதலில் மெட்டா’ என்பதற்கு என் பதில் இதுதான், மெட்டு எங்கே நிற்கிறதோ அதைப் படியுங்கள்.

முடிந்ததை எழுதிவையுங்கள். சுரத்தை ஆதி தாளக் கட்டத்தில் போட்டு, கீழே டேபில் (டேப்லேச்சர் என்ற கிட்டார் குறிப்பு முறை) எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்று குறியுங்கள். மியூஸ்ஸ்கோர் என்று ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் டேபைப் போட்டால் ஸ்டாஃப் நோட்டேஷனையும் கூடவே எடுக்கலாம். இப்படி உங்கள் மெட்டையே எழுதி எழுதித்தான் நோட்டேஷன் படிக்க வரும். கிட்டார் இசை எழுதப்படுவதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டுக்காரரிடம் தாளைக் கொடுத்தால் அவர் மேலே வாசித்துவிட்டு உங்களை முறைப்பார்.

பதிவுக்கு இப்போதைக்கு போனே போதும். கழுத்தும் உடலும் சேர்கிற இடத்துக்கு நேராக ஒரு அடி தள்ளி வையுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் பாஸ் குமுறும். முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தால் அறையின் எதிரொலி அடங்கும். ஃபேனை நிறுத்துங்கள். நம் ஊரில் அமைதியான நேரம் கிடைப்பதுதான் கஷ்டம். பகலில் மோட்டார், மார்கழி விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கி, மழை விட்ட ராத்திரியில் தவளை. அறுவடை முடிந்த மாசி, பங்குனி ராத்திரிகள்தான் என் அனுபவத்தில் நல்லவை. உங்களுக்கும் அப்போதுதான் ஒழியும். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்தால் குறுவைக்கும் அப்புறம் சம்பாவுக்கும் கடையில் நிற்கவே நேரம் இருக்காது. தை தாண்டினால் ஈ ஓட்டிக்கொண்டுதானே உட்கார்ந்திருப்பீர்கள்? வருஷத்தை அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். சீசனில் ராத்திரி அரை மணி நேரம் சாதகம் மட்டும், மெட்டும் பதிவும் சும்மா இருக்கிற மாதங்களில்.

வெளியிடுவது பற்றி. முதலில் நேரில் கேட்கிறவர்களுக்கு வாசியுங்கள். மாதா கோயில் பாடகர் குழு இருக்கிறது, அந்த நாகஸ்வரக்காரர் இருக்கிறார். அவர் காலப்பிரமாணம் (வேகம்) ஓடுகிறது என்று சொன்னால் ஓடுகிறது என்றுதான் அர்த்தம். அப்புறம் யூடியூபில் போடுங்கள், விளக்கத்தில் நோட்டேஷனையும் கொடுங்கள். திருட்டுப் பயத்துக்கு வருகிறேன். முடியாத துண்டைத் திருட யாரும் வரப்போவதில்லை. முடித்த மெட்டுக்கு, 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் உருவாக்கிய அந்த நேரத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டும் அது நிற்கும். தேதியோடு கூடிய பதிவும் எழுதிய நோட்டேஷனும் கையில் இருந்தால் வழக்கு என்று வரும்போது உதவும். ஆனால் மோகனத்துக்கோ இரண்டு கார்டு வரிசைக்கோ யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அதே மெட்டுச் சாயல் இன்னொருவரிடம் கேட்டால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், அவர் கீர்த்தனையை யாரும் வாசித்து வெளியிடலாம். வேறொருவர் பாடிய பதிவை எடுத்துப் பின்னணியில் ஓட்டக் கூடாது, அதற்கு உரிமை தனி. சினிமாப் பாட்டை வாசித்துப் போட்டால் நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை வர வாய்ப்பு உண்டு. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதில் வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள். உங்கள் மெட்டிலும் இப்போதைக்கு எதிர்பார்க்காதீர்கள். டெல்டாவில் கிட்டாருக்குக் காசு வருவது வகுப்பு எடுப்பதிலும், கல்யாண ரிசப்ஷனிலும், மாதா கோயில் விழாவிலும்தான். உரக்கடையை விட்டுவிட வேண்டாம்.

சொந்தக்காரர்களுக்குத் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரைச் சொல்லுங்கள். சித்த வைத்தியர். மருந்தில் சம்பாதித்ததைச் சங்கீதத்தில் போட்டார், தஞ்சாவூரில் தம் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார், சொந்தமாகத் தமிழில் உருப்படிகள் இயற்றினார், 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெரிய ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். சொன்னாலும் அவர்கள் கேட்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

சென்னைக்கு இப்போது வேண்டாம். ஸ்டுடியோவில் கிட்டார் வாசிக்கப் போகிறவர் தாளை வைத்தவுடன் வாசிக்க வேண்டும், அது உங்களுக்கு இன்னும் வரவில்லை. ஐந்தாறு உருப்படி முடிந்து, தாள் படிக்கவும் வந்த பிறகு தோன்றினால் போங்கள். மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். பிடிக்கவில்லையென்றால் அன்றைக்கே திரும்பிவிடலாம்.

கடைசியாக, துரு. கிட்டாரை நாளைக்கே கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போங்கள். பொட்டாஷ் என்பது உப்பு, யூரியாவும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்தத் தூசி கம்பியிலும் டியூனிங் சாவியிலும் ஃப்ரெட்டிலும் படிந்தால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? கையில் உரத்தூசியோடு வாசித்தாலும் அதே கதைதான். கை கழுவிவிட்டுத் தொடுங்கள், வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். வெளிச்சுவரில் சாய்த்து வைக்காமல் பெட்டிக்குள் வையுங்கள், கூடவே சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடித்து மேல்பலகை உப்புவதால்தான் கம்பி உயர்ந்து அழுத்த முடியாமல் போகிறது. அப்போது பிரிட்ஜில் இருக்கிற வெள்ளைத் துண்டை யாரும் ராவிவிடச் சொன்னால் கேட்காதீர்கள். பங்குனியில் மரம் காய்ந்து பழைய நிலைக்கு இறங்கும்போது கம்பி ஃப்ரெட்டில் உரசி இரைய ஆரம்பித்துவிடும், புதுத் துண்டுதான் வாங்க வேண்டியிருக்கும். கழுத்துக்குள் இருக்கிற டிரஸ் ராடையும் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் கம்பி) மழை முடியும்வரை திருக வேண்டாம். அதுவரைக்கும் அரைச் சுரமோ ஒரு சுரமோ இறக்கி வைத்து வாசியுங்கள். 10 கேஜ் கம்பியாக இருந்தால் விரலுக்கு அது போதும்.